பச்சைக் கம்பி

செஞ்சிக் கடைவீதி முடிந்து திண்டிவனம் சாலை தொடங்கும் இடத்தில் எஸ்தரின் ரிப்பேர் கடை. பத்துக்கு எட்டடி. இன்வெர்ட்டர், பம்பு செட் ஸ்டார்ட்டர், மிக்சி, கோயில் மைக் செட், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கீபோர்டு என்று எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வாள். முடியாது என்று திருப்பி அனுப்பியது குறைவு. நாற்பத்தாறு வயதில் வெள்ளெழுத்து வந்துவிட்டதால் நெற்றிக்கு மேலே எப்போதும் ஒரு கண்ணாடி ஏறியிருக்கும். ஈயம் வைக்கும்போது மட்டும் அது மூக்குக்கு இறங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடை வாசலில் ஆட்டோ நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி இறங்கினாள். ஜமக்காளம் சுற்றிய பெட்டி ஒன்றை அவளும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். இறக்கி வைத்ததும் டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“இன்னாம்மா இது, அரிசி மூட்டை மாதிரி கனக்குது?” என்றாள் எஸ்தர்.

“கிட்டார் ஆம்ப்ளிஃபயர்க்கா. ரொம்பப் பழசு. எங்க அப்பாவோடது.”

எஸ்தர் ஜமக்காளத்தை விலக்கினாள். சாம்பல் நிற ரெக்சின் ஒட்டிய மரப்பெட்டி. ஒரு மூலையை எலி கடித்திருந்தது. முன்பக்கத் துணி இற்றுப்போய், உள்ளே ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதம் தெரிந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தபோது, ஒட்டடைக்கு நடுவில் ஆறு கண்ணாடிக் குப்பிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்து வால்வு செட். எஸ்தர் தொழிலுக்கு வந்த இருபத்தைந்து வருஷத்தில் வால்வு செட் எதையும் பிரித்ததில்லை.

“இத இப்ப யாரு வாசிக்கப் போறாங்க?”

“அப்பாதான். கையில அடிபட்டதுலேருந்து கிட்டாரத் தொட்டதே இல்ல. இந்த வருஷம் பொங்கலுக்கு அப்புறம் திடீர்னு எடுத்து வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு. இந்தப் பெட்டியில கேக்கணும்னு ஒரே புடிவாதம். சென்னையில இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, அனுப்பலாம்னு சொன்னேன். வேணாம், எஸ்தர் கடைக்கே கொண்டு போன்னு சொல்லிட்டாரு.”

எஸ்தர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். “அப்பா பேரு சொல்லும்மா.”

“பாலமுரளி. கடைவீதியில பாத்திரக் கடை. நான் அவரு பொண்ணு காயத்ரி.”

எஸ்தர் அந்தப் பெயரை எழுதி முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. காயத்ரி அதைக் கவனிக்கவில்லை. போன் நம்பரைச் சொல்லிவிட்டு, அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லிப் போய்விட்டாள்.

எஸ்தர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பெட்டியின் எதிரில் உட்கார்ந்தாள். இதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் மாதா கோயில் திருவிழா. எஸ்தருக்கு ஏழு வயது. அவளுடைய அப்பா, அவள் நைனா என்று கூப்பிடும் பிலவேந்திரன்தான் சவுண்டு செட். அந்தச் சுற்றுவட்டத்தில் கல்யாணமோ காதுகுத்தோ திருவிழாவோ, ஸ்பீக்கர் குழாய் கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குத் தேர்பவனி கிளம்புவதற்கு முன்னால் இன்னிசைக் கச்சேரி. பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த குழுவில் கிட்டார் வாசித்தவர் செஞ்சிக்காரர், பாத்திரக் கடை வீட்டுப் பிள்ளை பாலமுரளி. வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தார். முதல் பாட்டு பாதி போயிருக்கும். கூடச் சேர்ந்து பாடுவதற்காக அவர் ஒரு கையைக் கிட்டாரில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் மைக்கைப் பிடித்தார். பிடித்தபடி விறைத்துப் போனார். யாரோ கட்டையால் மைக்கைத் தட்டிவிட, அவர் மேடையிலிருந்து பின்பக்கமாகக் கருங்கல்மேல் விழுந்தார். இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடைசி இரண்டு விரல்களும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. சவுண்டு செட்காரன் கரண்டைத் தப்பாகக் கொடுத்துவிட்டான் என்று ஊர் பேசியது. குடித்திருந்தான் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். பிலவேந்திரன் குடிக்காதவர். “நான் சரியாத்தான் குடுத்தேன்” என்று திருவிழாக் கமிட்டியாரிடம் ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் யாரும் அவரை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. குழாய்களையும் பெட்டிகளையும் விற்றுவிட்டு, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் இருந்தார். எஸ்தரின் அம்மா அமலோற்பவம் களை எடுத்தும் கடலை பறித்தும் பிள்ளையை வளர்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், “உங்க நைனா ஆளக் கொல்லப் பாத்தவருதானே” என்று கேட்டதற்கு எஸ்தர் அவள் மண்டையில் சிலேட்டால் அடித்திருக்கிறாள். பெண் பார்க்க வந்த இடத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “எங்க நைனா மேல ஒரு தப்பும் இல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்ததே அதற்காகத்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் எர்த், லைன், நியூட்ரல் என்று வாத்தியார் போர்டில் படம் போட்ட முதல் நாளே அவள் மனசு அந்த மேடைக்குத்தான் போனது.

இப்போது அந்தப் பெட்டி அவள் கடைக்குள் இருந்தது.

அன்று மத்தியானமே பிரிக்கத் தொடங்கினாள். இதைப் பற்றி இரண்டு நாளாவது படித்துவிட்டுத் தொடுவதுதான் முறை என்று தெரிந்தும் கை பொறுக்கவில்லை. வால்வுகள் தொங்கிய இரும்புத் தட்டைக் கழற்றித் திருப்பி வைத்ததும் பிரமிப்பாக இருந்தது. அச்சடித்த போர்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு உறுப்பும் கம்பியோடு கம்பியாக, கையால் முறுக்கி ஈயம் வைத்தது. யாரோ ஒருவர் எங்கோ ஒரு நாட்டில் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார். துடைத்துச் சுத்தம் செய்யவே சாயந்திரம் ஆகிவிட்டது. பெயிண்டு பிரஷ்ஷால் தூசு தட்டி, வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துணியில் சுற்றி வைத்தாள்.

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்தாள். பிளக்கின் லைன் பின்னில் ஒரு முனை, இரும்புத் தட்டில் இன்னொரு முனை. அந்த இரண்டுக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. மீட்டர் பீப் என்று கத்தியது.

மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் கத்தியது.

சுவிட்சுக்குப் பக்கத்தில், மெழுகு தடவிய காகிதத்தில் சுற்றிய ஒரு கெப்பாசிட்டர் இருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். லைனிலிருந்து இரும்புத் தட்டுக்கு இரைச்சல் வராமல் இருக்க அந்தக் காலத்தில் இப்படி ஒன்றைப் போடுவார்கள். அதன் ஒரு காலை வெட்டிவிட்டு மீட்டரை வைத்தாள். பீப் நின்றது. அந்தச் சின்னப் பொருள் உள்ளுக்குள்ளே வெந்துபோய், வெறும் கம்பியாக மாறி, வீட்டுக் கரண்டை நேராக இரும்புத் தட்டுக்கு அனுப்பியிருக்கிறது. இரும்புத் தட்டிலிருந்து கிட்டாரின் கம்பிக்கு. அங்கிருந்து வாசிப்பவன் விரலுக்கு, மைக்கைத் தொட்டதும் அவன் உடம்பு வழியாக மண்ணுக்கு.

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். கோளாறு பெட்டிக்குள் இருந்திருக்கிறது. நைனா கொடுத்த லைனில் இல்லை. இத்தனை வருஷம் அவள் நம்பியது சரிதான். பக்கத்துக் கடை ரஞ்சனியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கூப்பிட்டு, டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னாள்.

டீயைக் குடிக்கும்போதுதான் ஒன்று உறுத்தியது. இந்த ஒயர் மூன்று கம்பி ஒயர். மூன்று பின் பிளக். எர்த் சரியாக இருந்திருந்தால், இப்படி லைன் தட்டில் இறங்கிய கணமே பீஸ் போயிருக்கும். பெட்டி உயிர் பெற்றே இருக்காது. அவர் எப்படி அரைப் பாட்டு வாசித்தார்?

அவள் எர்த் பின்னில் மீட்டரை வைத்தாள். மறுமுனை தட்டில். சத்தமே இல்லை. பின் எதோடும் சேரவில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பிளக்கின் திருகைக் கழற்றினாள். பழுப்பு நிறப் பிளக் இரண்டாகப் பிரிந்தது. சிவப்பும் கறுப்பும் அதனதன் இடத்தில் இருந்தன. எர்த்துக்குப் போக வேண்டிய பச்சைக் கம்பி வெட்டப்பட்டிருந்தது. அதுவாக அறுந்ததில்லை. கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு. வெட்டிய முனையைப் பின்னால் மடித்து, கறுப்பு டேப்பைச் சுற்றி, டேப்பின் நுனியை அப்புறம் பிரிக்க வசதியாகக் கொஞ்சம் மடக்கி விட்டிருந்தது. டேப் வலமிருந்து இடமாகச் சுற்றியிருந்தது.

பிலவேந்திரன் இடக்கைக்காரர். வீட்டில் மோட்டார் ஒயரிலும், அயர்ன் பாக்ஸ் ஒயரிலும், அறுந்த செருப்பு வாரிலும் கூட அவர் சுற்றிய டேப் இப்படித்தான் இருக்கும், இதே மடக்கிய நுனியோடு.

எஸ்தர் அன்றைக்கு மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கினாள்.

வீட்டுக் கொல்லையில் பிலவேந்திரன் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபத்து நாலு வயது. அமலோற்பவம் போன பிறகு சமையல் அவருடையது. மகளும் மருமகன் ஆனந்தராஜும் வேலைக்குப் போய்வருவதால் தானாகவே எடுத்துக்கொண்டார். எஸ்தர் அவர் எதிரில் குந்தி, அந்தப் பிளக்கை முறத்தின்மேல் வைத்தாள்.

“நைனா, இது உன் கட்டுதானே?”

அவர் குனிந்து பார்த்தார். கையால் தொடவில்லை.

“எங்க கெடைச்சுது இது?”

“பாத்திரக் கடைக்காரரு பெட்டி ரிப்பேருக்கு வந்துக்குது.”

பிலவேந்திரன் ஒரு கொத்தை உருவி இலைகளை முறத்தில் போட்டார். இன்னொரு கொத்தையும் உருவினார்.

“மூணு பீஸ் போச்சு” என்றார் கடைசியில். “போடப் போடப் போவுது. தேர் ஜோடிச்சு நிக்குது. சாமியாரு ரெண்டு வாட்டி ஆள் அனுப்பிட்டாரு. ஜனம் கை தட்டுது. பாலு வந்து, எர்த்த எடுத்து வுட்டுடுண்ணா, பாண்டியில பாதி ஹால்ல எர்த்தே கெடையாது, அப்பிடித்தான் வாசிக்கிறேன், ஒண்ணும் ஆவாதுன்னாரு. எடுத்து வுட்டேன். பெட்டி பாடுச்சு.”

“பீஸ் போவுதுன்னா உள்ள கோளாறு இருக்குதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் வெட்டுனியா?”

“வெட்டுனேன்.”

கோழி ஒன்று முறத்தை நோக்கி வந்தது. அவர் கையை ஓங்கி விரட்டினார்.

“கமிட்டிக்காரங்க கிட்ட சரியாத்தான் குடுத்தேன்னு சொன்னியே நைனா. நான் ஊரெல்லாம் அதயே சொல்லிக்கினு திரிஞ்சேன். பொண்ணு பாக்க வந்தவங்க கிட்ட சொன்னேன். சாவுற வரைக்கும் அம்மாவும் அதத்தான் சொல்லிச்சு.”

“உங்கம்மாவுக்குத் தெரியும்” என்றார் பிலவேந்திரன். “அன்னிக்கே சொல்லிட்டேன். புள்ளைக்கு மட்டும் சொல்லாதன்னா. நீ என்னப் பத்தி அப்பிடிச் சொல்றத கேக்க அவளுக்குப் புடிக்கும். எனக்கும் புடிச்சுது. அப்பால எப்ப சொல்றது?”

எஸ்தர் பிளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அழுகை வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீரை இருந்தது. சாப்பிட்டாள். அவரிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஆனந்தராஜ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு ஆயில் மாற்றப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான்.

கடையில் வேலை மட்டும் நின்றுபோகவில்லை. வெந்த கெப்பாசிட்டரைக் கழற்றி எறிந்தாள். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. கரண்டைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் வயதாகிப் பிதுங்கியிருந்தன. மதிப்பைக் குறித்துச் சென்னைக்குப் போன் செய்து புதியவை வரவழைத்தாள். இரண்டு ரெசிஸ்டர்கள் கருகியிருந்தன. பதினைந்து அடி புது மூன்று கம்பி ஒயர் போட்டு, பச்சைக் கம்பியைத் தட்டில் தனியாக ஒரு போல்ட் வைத்து, பல் வாஷர் கொடுத்து முறுக்கினாள். அதை மட்டும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். வால்வுகளில் ஒன்றின் தலையில் வெள்ளை படர்ந்திருந்தது. காற்றுப் புகுந்துவிட்ட வால்வு அப்படித்தான் வெளுக்கும். மற்ற ஐந்தும் நன்றாக இருந்தன.

சனிக்கிழமை பாலமுரளியே கடைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். எஸ்தர் ஸ்டூலைக் காட்டினாள், உட்கார்ந்தார்.

“எப்பிடிம்மா இருக்குது பெட்டி?”

“ஒரு வால்வு வரணும் சார். மத்தபடி ஆயிடுச்சு.” அவள் மேசை டிராயரைத் திறந்து, வெந்த கெப்பாசிட்டரையும் பழைய பிளக்கையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “கோளாறு இது. இது கரண்டை வெளியே வுட்டுது. இது பெட்டியோட பழைய பிளக்கு. பச்சைக் கம்பி வெட்டியிருக்குது பாருங்க.”

பாலமுரளி குனிந்து அந்தப் பிளக்கை நெடுநேரம் பார்த்தார்.

“வெட்டச் சொன்னது நான்தான்மா” என்றார்.

“தெரியும். நைனா சொன்னாரு.”

“எப்ப சொன்னாரு?”

“புதன்கிழம.”

அவர் நிமிர்ந்தார். “அது வரைக்கும் உனக்குத் தெரியாதா? உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுத்தான் இங்க அனுப்பினேன். பெட்டியப் பாத்தா நீயே என்னக் கேப்ப, பதில் சொல்லிடலாம்னு.”

பாலமுரளி பையிலிருந்து இடது கையை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். சுண்டுவிரலும் மோதிர விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

“அப்ப ஆஸ்பத்திரியில கெடந்தேன். எங்கப்பா ஊருக்குப் போயி சத்தம் போட்டு, சவுண்டு செட்காரன்தான்னு முடிவு பண்ணிட்டு வந்துட்டாரு. நான் வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன். கட்டுப் பிரிச்சு வந்தப்ப பிலவேந்திரண்ணன் பெங்களூரு போயாச்சு. இனிமே சொல்லி என்னன்னு தோணுச்சு. கை போன கோவமும் இருந்துது, அந்தக் கோவத்துக்கு ஒரு ஆளு வேண்டியிருந்துது. அவரு திரும்பி வந்தப்புறம் கடைவீதியில பாத்தா எதிர்ப்பக்கமாப் போயிடுவேன். என் பொண்ணுக்கும் கதைய மாத்தித்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

“என் கிட்ட சொல்லி ஆவப்போறது ஒண்ணும் இல்ல சார்.”

“ஆமாம்மா.”

எஸ்தர் அந்த இரண்டையும் டிராயரில் போட்டு மூடிவிட்டு, தொழில் பேச்சுக்கு வந்தாள். “பெட்டிய நான் இப்ப குடுக்க மாட்டேன். உங்க வீட்டு வயரிங் எந்தக் காலத்துது?”

“தாத்தா கட்டின வீடு.”

“நாளைக்கு வந்து பாக்குறேன். எர்த் இல்லாத வீட்டுக்கு இத அனுப்ப முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனாள். கடைக்குப் பின்னாலேயே நீளமாகப் போகும் வீடு. கூடத்தில் இருந்த ஒவ்வொரு பிளக் பாயிண்டையும் கழற்றிப் பார்த்தாள். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எதிலுமே கம்பி இல்லை. வெறும் அழகுக்கு மூன்று ஓட்டை. மாடியில் வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று பாலமுரளியின் மனைவி மனோரமா சொன்னாள். செருப்புப் போட்டுக்கொண்டுதான் துணி போடுவாளாம். எஸ்தர் கொல்லையைப் பார்த்தாள். கிணற்றுப் பக்கத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும் ஓரிடம் இருந்தது.

“அங்க ஒரு குழி எடுக்கணும். அஞ்சடியாவது. அடுப்புக்கரி, உப்பு, ஒரு இரும்புக் குழாய்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பிலவேந்திரன் வாசலில் நின்றார். நாலு நாளுக்குப் பிறகு அவள்தான் முதலில் பேசினாள்.

“பாத்திரக் கடை வூட்டுக்கு எர்த் குழி எடுக்கணும். செஞ்சி மண்ணுல எந்த எடத்துல பாறை வரும்னு உனக்குத்தான் தெரியும். வர்றியா?”

உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் கடப்பாரை இருந்தது.

“இன்னிக்கே இல்ல நைனா, நாளைக்கு” என்றாள் எஸ்தர்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். பாலமுரளி கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பிலவேந்திரனைப் பார்த்ததும் வேட்டியைக் கீழே இறக்கிவிட்டார்.

“வாங்கண்ணே” என்றார்.

“ம்” என்றார் பிலவேந்திரன். “எந்த எடம்?”

காட்டினார்கள். பிலவேந்திரன் கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பார்த்து, எஸ்தர் சொன்ன இடத்திலிருந்து ஒரு கஜம் தள்ளிக் கோடு போட்டார். ரத்தினம்மாள் என்று, கடையில் பாத்திரம் துலக்கும் பெண்மணி ஒருத்தி மண் அள்ள வந்தாள். இரண்டடி வரை மண் பொலபொலவென்று வந்தது. மூன்றடியில் கல். பிலவேந்திரன் குழியில் இறங்கிக் கல்லின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, இது குண்டுக்கல்தான், பாறையில்லை, புரட்டிவிடலாம் என்றார். ஆனால் கடப்பாரையை அவரால் தனியாக அழுத்த முடியவில்லை. பாலமுரளி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். வலது கையாலும், இடது கையின் மூன்று விரலாலும் கடப்பாரையைப் பிடித்தார்.

“அந்தக் கையக் குடுக்காதீங்க தம்பி” என்றார் பிலவேந்திரன்.

“புடிக்கும்ணே. அழுத்துங்க.”

கல் நகர்ந்தது. இருவரும் மூச்சு வாங்கக் குழியின் சுவரில் சாய்ந்தார்கள். காயத்ரி சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் முகத்தில் குழப்பம் இருந்தது. எஸ்தர் ஒரு தடவை “நைனா” என்று கூப்பிட்டதைக் கேட்டிருந்தாள்.

“அப்பா, இவரு யாரு?”

பாலமுரளி சொம்பைப் பிலவேந்திரனிடம் கொடுத்துவிட்டு, குழிக்குள் நின்றபடியே மகளை அண்ணாந்து பார்த்தார்.

“இவருதாம்மா பிலவேந்திரன். சவுண்டு செட் வச்சிருந்தவரு.”

காயத்ரியின் வாய் இறுகியது. “குடிச்சிட்டு...”

“குடிக்கல. அது பொய்யி. பெட்டி கெட்டுப்போயிருந்துது, பீஸ் மேல பீஸா போச்சு. எர்த்த எடுங்கன்னு நான்தான் அவசரப்படுத்துனேன். அவரு எடுத்தாரு. இத்தன வருஷம் உங்க கிட்டல்லாம் நான் வேற மாதிரி சொல்லிட்டேன்.”

மனோரமா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரத்தினம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். பிலவேந்திரன் மோரைக் குடித்து முடித்து, வாயைத் துண்டால் துடைத்தார்.

“அவரு சொன்னாருன்னு வெட்டுனது நான்தான், பாப்பா” என்றார். “எனக்கு வேல தெரியும். அவருக்கு வாசிக்கத்தான் தெரியும். தெரிஞ்சவன் வெட்டக் கூடாது.” பிறகு பாலமுரளியிடம், “இன்னும் ஒண்ணரையடி இருக்குது. மேல ஏறுங்க, எடம் பத்தல” என்றார்.

எஸ்தர் திரும்பி நின்று குழாயில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். டிரில்லின் சத்தத்தில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குக் குழாயை இறக்கி, ஒரு வரிசை அடுப்புக்கரி, ஒரு வரிசை கல்லுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடினார்கள். பத்து வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். எஸ்தர் குழாயின் தலையிலிருந்து தடித்த கம்பியைக் கூடம் வரை இழுத்தாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். எண்ணைப் பார்த்துத் தலையாட்டினாள். மாடியில் இருக்கும் வாஷிங் மெஷினுக்கும் இது வருமா என்று மனோரமா அப்போதே கேட்டாள். அடுத்த வாரம் வந்து எல்லா பாயிண்டுக்கும் இழுத்துத் தருவதாக எஸ்தர் சொன்னாள்.

வால்வு வியாழக்கிழமை வந்தது. முதலில் கடையிலேயே, நூறு வாட் பல்பைத் தொடரில் போட்டுப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தாள். பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து, மங்கி, சிவந்த கோடாக நின்றது. கோளாறு இல்லை. பிறகு நேராகக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் வோல்ட்டேஜைக் குறித்துக்கொண்டாள். இரும்புத் தட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். ஆறிவரும் தோசைக்கல் மாதிரி வெதுவெதுப்பு மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆட்டோவில் பெட்டி வீடு போனது. பிலவேந்திரன் தானாகவே சட்டை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். கூடத்தில் பிளக்கைச் சொருகிவிட்டு எஸ்தர் சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. பாலமுரளி அவளைப் பார்த்தார்.

“அவசரப்படாதீங்க சார். வால்வு சூடாவணும்.”

குப்பிகளுக்குள் மெல்ல ஆரஞ்சு நிறம் ஏறியது. அரை நிமிஷம் கழித்து, ஸ்பீக்கரிலிருந்து மழைக்கு முன்னால் வரும் காற்று மாதிரி லேசான இரைச்சல் எழுந்தது. பாலமுரளி கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வலது கையை மீட்டத் தூக்கினார். இடது கை மட்டும் கம்பிக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றது. வைக்கவில்லை.

எஸ்தர் தான் தொட்டுக் காட்டலாம் என்று எழுந்தாள். அதற்குள் பிலவேந்திரன் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, உள்ளங்கையை விரித்துக் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்தினார். ஸ்பீக்கர் ‘தொப்’ என்றது. அவர் கையை எடுக்காமல், இன்னொரு கையால் பெட்டியின் பின்பக்கத்து இரும்புத் தட்டையும் பிடித்தார்.

“ஒண்ணும் இல்ல தம்பி. வாசிங்க” என்றார்.

பாலமுரளி வாசித்தார். இரண்டு விரலையும் கட்டை விரலையும் வைத்துக்கொண்டு, எஸ்தருக்குத் தெரியாத ஏதோ ஒரு மெட்டை, நிறுத்தி நிறுத்தி. சில இடங்களில் விரல் எட்டாமல் சுரம் விட்டுப்போனது. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். சத்தம் கணகணவென்று இல்லாமல், தொண்டை கட்டினவர் பாடுவது போல் அடர்த்தியாக வந்தது. காயத்ரி சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். கடையிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து கதவருகே நின்றார்கள். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்றைத் தொடங்கினார். பிலவேந்திரன் தலையைச் சாய்த்து, பெட்டியின் பக்கம் ஒரு காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கோட்டைப் பக்கம் வெயில் இறங்கியிருந்தது. ஸ்கூட்டர் பேருந்து நிலையத்து நெரிசலைத் தாண்டியது. வண்டி காலியான சாலைக்கு வந்ததும் பிலவேந்திரன் அவள் தோளுக்கு மேலாகச் சத்தமாகச் சொன்னார்.

“ரெண்டாவது பாட்டுல ஸ்பீக்கரு கரகரன்னுச்சு. கவனிச்சியா?”

“கவனிச்சேன். காகிதக் கோன் ஓரத்துல கிழிஞ்சிருக்குது. செவ்வாக்கெழம எடுத்துக்கினு வர்றேன்னு சொல்லிட்டேன்.”

“மெல்லிசுக் காகிதம் ஒட்டணும். பெவிகால் அப்பிடியே போட்டா வெறைச்சிடும்.”

“தெரியும் நைனா. தண்ணி கலந்துதான் போடுவேன்.”

கொஞ்ச தூரம் போனதும், செவ்வாய்க்கிழமை கீரைக்காரி வரமாட்டாள், காலையிலேயே எதையாவது ஆக்கி வைத்துவிட்டுத் தானும் கடைக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். சரி என்றாள் எஸ்தர்.